அளவுகோலுக்கு முன்னால் அலகு: சிறுவர்களுக்கு நீளத்தை உத்தேசிக்கவும் அளக்கவும் கற்பிக்கும் முறை

தொடக்க வகுப்புகளில் நீளம் பற்றிய பாடம் பெரும்பாலும் அளவுகோலில் தொடங்கி அளவுகோலிலேயே முடிந்துவிடுகிறது. பென்சிலை அளவுகோலின் மேல் வைத்து, அதன் நுனி தொடும் எண்ணைப் படித்து நோட்டில் எழுதிவிட்டால், குழந்தை அளக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதே குழந்தையிடம், முனை உடைந்து 3 என்ற எண்ணில் தொடங்கும் ஓர் அளவுகோலைக் கொடுத்து அதே பென்சிலை அளக்கச் சொல்லிப் பாருங்கள். நுனி தொடும் எண்ணையே படித்து, பென்சில் திடீரென்று 3 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டதைப் பற்றிச் சற்றும் சந்தேகப்படாமல் அடுத்த கணக்குக்குப் போய்விடும். அந்தக் குழந்தை எண்ணைப் படிக்கத்தான் கற்றிருக்கிறது. நீளத்தை அளக்க இன்னும் கற்கவில்லை.

புதிதாகக் கற்பிக்க வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பாடம் பார்க்கும் பெற்றோருக்கும் பயன்படும்படி, ஏறத்தாழ 5 வயது முதல் 9 வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். அலகு என்பது முதலில் குழந்தையின் கையில் ஒரு பொருளாக இருக்க வேண்டும், பிறகு மனத்தில் ஓர் உருவாகப் பதிய வேண்டும், அதற்குப் பின்னரே அளவுகோல் வர வேண்டும். உத்தேசித்தலும் இந்த வரிசைக்குள்தான் அடங்கும். அதைப் பாடத்தின் கடைசியில் வரும் ஒரு தனிப் பயிற்சியாக ஒதுக்கிவிடாமல், ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன்னால் செய்யும் வேலையாகத் தொடக்கத்திலிருந்தே பழக்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

ஒரே நீளமுள்ள ஐஸ் குச்சிகள் ஒரு கட்டு, பருமனான நூல், கத்தரிக்கோல், சாக்பீஸ், அட்டைக் கீற்றுகள், 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள இரண்டு நிறக் காகிதச் சதுரங்கள், கோடுகள் தெளிவாகத் தெரியும் அளவுகோல்கள், ஒரு மீட்டர் கோல், தையலுக்குப் பயன்படும் துணி அளவுநாடா ஆகியவை போதும். அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் தேவை. ஒரு விளிம்பில் சென்டிமீட்டரும் மறு விளிம்பில் அங்குலமும் இருந்தால், அங்குலப் பக்கத்தைக் காகித நாடா ஒட்டி மறைத்துவிடுங்கள். இரண்டும் கண்ணில் பட்டால், எந்தப் பக்கம் கைக்கு வாகாக வருகிறதோ அந்தப் பக்கத்தைத்தான் குழந்தை படிக்கும்.

முதல் படி: எண் இல்லாமல் ஒப்பிடுதல்

முதல் சில வகுப்புகளில் எண்ணுக்கு வேலையே இல்லை. இரண்டு பென்சில்களைக் கொடுத்து எது நீளம் என்று கேட்டால், "இது பெரிசு" என்ற பதில்தான் வரும். அதைத் திருத்த வேண்டியதில்லை. "ஆமாம், இந்தப் பென்சில்தான் நீளமாக இருக்கிறது" என்று சரியான சொல்லால் நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும், ஓரிரு வாரங்களில் அந்தச் சொல் குழந்தையின் வாயிலும் வந்துவிடும். நீளம், அகலம், உயரம், ஆழம், தடிமன், தூரம் ஆகிய அனைத்தும் ஒரே வகை அளவுதான் என்பதை விளக்கிச் சொல்வதைக் காட்டிலும், ஓர் அட்டைப் பெட்டியைப் புரட்டி வைத்து, சற்று முன் உயரமாக இருந்தது இப்போது நீளமாகிவிட்டதைக் காட்டுவது நல்லது.

ஒப்பிடும்போது இரண்டு பொருள்களும் ஒரே கோட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தப் படியின் சாரம். மேசையின் விளிம்பையோ சாக்பீஸால் போட்ட ஒரு கோட்டையோ தொடக்கக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளிடம் செய்து பார்த்த ஒரு சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். சம நீளமுள்ள இரண்டு குச்சிகளை முனைகள் ஒட்டியபடி இணையாக வைத்தால், இரண்டும் சமம் என்று குழந்தை ஒப்புக்கொள்ளும். அதன் கண்ணெதிரிலேயே ஒன்றைச் சற்று முன்னே தள்ளினால், தள்ளப்பட்டதுதான் நீளம் என்று 5 வயதுக் குழந்தைகளில் பலர் சொல்லிவிடுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொருளை நகர்த்தினாலும் நீளம் மாறுவதில்லை என்ற புரிதல் வயதோடும் அனுபவத்தோடும் வருவது. சரியான விடையை மனப்பாடமாகச் சொல்ல வைப்பதால் அது வந்துவிடாது. குச்சியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவும், மறுபடி தள்ளவும், மறுபடி சேர்க்கவும் குழந்தையின் கையையே விடுங்கள்.

இன்னொரு பயிற்சி, தரையில் சாக்பீஸால் ஒரு நேர்கோடும், அதே இரண்டு முனைகளைச் சேர்க்கும் வளைந்து நெளிந்த ஒரு கோடும் வரைவது. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிவதால் சமம் என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. இரண்டு கோடுகள் மீதும் குதிகால் விரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னால் விடை காலுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: நூலைத் தூது அனுப்புதல்

அருகருகே கொண்டுவர முடியாத இரண்டு பொருள்களை ஒப்பிட வேண்டிய தேவையை நீங்களே உருவாக்குங்கள். அந்தச் சுவருக்கும் ஜன்னலுக்கும் இடையிலுள்ள இடத்தில் இந்த அலமாரி அடங்குமா என்று கேட்டால், அலமாரியை நகர்த்திப் பார்க்க முடியாது என்பது குழந்தைகளுக்குத் தெரியும். நூலை அலமாரியின் அகலத்துக்குப் பிடித்து, அந்த நீளத்தைச் சுவருக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை, சற்றுப் பொறுத்திருந்தால், வகுப்பில் யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடும். வரவில்லையென்றால் நூல்கண்டை மேசைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். நடந்துபோகும்போது பிடித்த விரல் நழுவிவிடும் என்பதால், முனையில் முடிச்சுப் போடவோ மையால் குறி வைக்கவோ சொல்லிக்கொடுக்க வேண்டும். நீளத்தை ஒரு பொருளிலிருந்து எடுத்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்லலாம் என்று புரிந்த குழந்தை அடுத்த படிக்குத் தயாராகிவிட்டது.

மூன்றாம் படி: ஒரே அலகை இடைவெளி விடாமல் அடுக்குதல்

நீளப் பாடத்தின் இதயம் இந்தப் படிதான். இங்கே அவசரப்பட்டால், பிறகு அளவுகோலில் வரும் குழப்பங்கள் எதையும் தீர்க்க முடியாது.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கைப்பிடி ஐஸ் குச்சிகளைக் கொடுத்து, பெஞ்சின் நீளம் எத்தனை குச்சி என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நின்று பாருங்கள். ஒரு குழந்தை குச்சிகளுக்கு நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு வைத்துக்கொண்டே போகும். இன்னொரு குழந்தை ஒன்றின் வால்மேல் அடுத்ததன் தலை ஏறும்படி வைக்கும். கடைசிக் குச்சி பெஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, அதை மெல்ல உள்ளே தள்ளி முந்தைய குச்சியின்மேல் படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் குழந்தையும் இருக்கும். விளிம்பை விட்டுச் சாய்ந்து போகும் வரிசையும் உண்டு. இவற்றை நீங்கள் கையால் நேராக்கிவிட்டால் அந்தக் குழந்தை கற்க வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொண்டதாக ஆகும்.

ஒரே பெஞ்சுக்கு ஒரு குழு 9 என்றும் மற்றொரு குழு 11 என்றும் சொல்லும்போதுதான் பாடம் தொடங்குகிறது. இரண்டு குழுக்களையும் ஒருவர் வரிசையை மற்றவர் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி விட்ட குழந்தையிடம், "இந்த இரண்டு குச்சிக்கும் நடுவில் பெஞ்சு இருக்கிறதே, அதை எந்தக் குச்சி அளந்தது?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பின் அநேகமாக எந்த விளக்கமும் தேவைப்படாது. இடைவெளியும் ஏறலும் இல்லாமல், நேராக, விளிம்பிலிருந்து விளிம்பு வரை என்ற விதியைக் குழந்தைகளே தங்கள் சொற்களில் சொன்ன பிறகு அதைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

அடுத்து, குச்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பெஞ்சு முழுவதற்கும் போதாதபடி 5 குச்சிகளை மட்டும் கொடுங்கள். "குச்சி பத்தவில்லை" என்று சிலர் கை தூக்குவார்கள். சற்று நேரத்தில் யாராவது பின்னாலிருக்கும் குச்சியை எடுத்து முன்னால் வைத்து எண்ணிக்கையைத் தொடர்வார்கள். ஓர் அலகையே திரும்பத் திரும்ப வைத்து அளக்கலாம் என்ற பெரிய கருத்து இந்தக் கையசைவில்தான் பிறக்கிறது. பிறகு ஒரே ஒரு குச்சியைக் கொடுங்கள். குச்சியை நகர்த்துமுன் அதன் முனையில் பென்சிலால் சிறு கோடு போடப் பழக்குங்கள், இல்லாவிட்டால் விரலை வைத்த இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

மிச்சம் வரும்போது என்ன செய்வது என்பது உடனே எழும் கேள்வி. பெஞ்சு 7 குச்சிக்கு மேல், 8 குச்சிக்குக் குறைவு என்று சொல்வது முழுமையான, நேர்மையான விடை. ஏறக்குறைய ஏழரை என்றோ, 8-க்குப் பக்கத்தில் என்றோ சொல்லப் பழகலாம். "சரியாக 8" என்று வரும்படி பொருள்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அளவுகள் எப்போதும் முழு எண்ணில் வந்துவிடும் என்ற தவறான எண்ணத்தை அது ஊன்றிவிடுகிறது.

உத்தேசித்தலும் இங்கேயே தொடங்கட்டும். பெஞ்சின் ஓரத்தில் இரண்டு குச்சிகளை மட்டும் வைத்துவிட்டு, மொத்தம் எத்தனை வரும் என்று கேட்டு விடையை எழுதச் சொல்லுங்கள். பாதி பெஞ்சு நிறைந்ததும் நிறுத்தி, முன்பு சொன்னதை மாற்றிக்கொள்ள விருப்பமா என்று மறுபடியும் கேளுங்கள். தன் உத்தேசத்தை மாற்றிக்கொள்வது தோல்வி என்று எண்ணாமல், கையில் கூடுதலாக வந்த செய்தியைப் பயன்படுத்துவது என்று குழந்தை உணர வேண்டும். இறுதியாக, அதே பெஞ்சைக் குச்சிக்குப் பதிலாகச் சிறிய காகிதக் கிளிப்பால் அளந்தால் எண் கூடுமா குறையுமா என்று அளப்பதற்கு முன் கேளுங்கள். கிளிப் சிறியது, ஆகவே எண்ணும் சிறியதாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். அளந்து பார்த்து அதிக எண்ணிக்கை வரும்போது அவர்கள் முகத்தில் வரும் வியப்பை வீணாக்காமல், ஏன் என்று அவர்களையே பேசவிடுங்கள்.

நான்காம் படி: எல்லோருக்கும் பொதுவான அலகு ஏன் வேண்டும்

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, ஒவ்வொரு குழந்தையும் தன் சாணால் மேசையை அளக்கட்டும். கடைசியில் நீங்களும் உங்கள் சாணால் அளந்து காட்டுங்கள். ஒரே மேசைக்கு உங்கள் எண் குறைவாகவும் அவர்கள் எண் கூடுதலாகவும் வரும். சாண், முழம், அடி ஆகியவை எப்போதும் உடன் இருக்கும் அலகுகள் என்பதால் மிக வசதியானவை. ஆனால் ஆளுக்கு ஆள் மாறுபவை.

இதே பயிற்சியை உடம்பின் மேலும் செய்து பார்க்கலாம். ஒரு குழந்தையைச் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தைக் குறித்து, அந்த உயரத்தை அதன் சாணாலேயே அளக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் உயரத்தை உங்கள் சாணால் அளந்து காட்டுங்கள். எண்சாண் உடம்பு என்று சொல்லும் வழக்கத்துக்கு ஏற்ப, இருவருக்குமே விடை 8-ஐ ஒட்டி வரும். அப்படியானால் இருவரும் ஒரே உயரமா என்று கேளுங்கள். எண் ஒன்றாக இருந்தும் உயரம் வேறாக இருப்பதை நேரில் பார்த்த குழந்தை, அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளில்லை என்பதை மறக்காது. நோட்டில் "8" என்று மட்டும் எழுதிவிட்டு வரும்போதெல்லாம் "எட்டு என்ன? சாணா, குச்சியா?" என்று கேட்பதை அன்றிலிருந்து வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சற்றுப் பெரிய குழந்தைகளாக இருந்தால், 1875 மே 20 அன்று பாரிஸில் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதையும், ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவுகளால் வணிகத்திலும் அறிவியலிலும் இருந்த சிக்கலே அதற்குக் காரணம் என்பதையும் சொல்லலாம்.

ஐந்தாம் படி: குழந்தையே அளவுகோலைச் செய்தல்

1 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரங்களை இரண்டு நிறங்களில் வெட்டி, ஓர் அட்டைக் கீற்றின் விளிம்பிலிருந்து நிறம் மாற்றி மாற்றி 10 சதுரங்களை ஒட்டச் சொல்லுங்கள். குச்சியை அடுக்கிய அதே விதிதான்: இடைவெளி இல்லை, ஏறல் இல்லை. ஒட்டி முடித்ததும் உடனே எண் எழுத வேண்டாம். முதலில் எண்ணற்ற அந்தக் கீற்றைக் கொண்டு ரப்பர், சாக்பீஸ், சுண்டுவிரல் ஆகியவற்றைச் சதுரம் சதுரமாக எண்ணி அளக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணுவது சலித்துப்போய், "எண் போட்டுக்கொள்ளலாமா?" என்று யாராவது கேட்கும் நேரம் வரும்.

எண்ணை எங்கே எழுதுவது என்பதுதான் இங்கே முக்கியம். சதுரத்தின் நடுவில் எழுதினால் அது இத்தனையாவது சதுரம் என்றுதான் பொருள்படும். சதுரம் முடியும் கோட்டில் எழுதினால், இதுவரை இத்தனை சதுரம் முடிந்துவிட்டது என்று பொருள்படும். குழந்தைகள் இயல்பாக நடுவில்தான் எழுதுவார்கள். அப்படியே சில நாள் பயன்படுத்தவிட்டு, பிறகு உண்மையான அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அளவுகோலில் எண்கள் கோட்டுக்கு நேராக இருப்பதையும், முதல் சதுரம் தொடங்கும் இடத்தில் 0 இருப்பதையும், அங்கே இன்னும் ஒரு சதுரமும் முடியவில்லை என்பதால்தான் அது 0 என்பதையும் அவர்களே சொல்லுமளவுக்கு நேரம் கொடுங்கள்.

ஆறாம் படி: அளவுகோலில் வரும் பிழைகள்

இவ்வளவுக்குப் பிறகு அளவுகோலைக் கொடுத்தாலும் சில பிழைகள் வரத்தான் செய்யும். 0-வுக்குப் பதிலாக 1-லிருந்து தொடங்குவது ஒன்று. எண்ணுதல் ஒன்றிலிருந்து தொடங்குவதால் குழந்தைக்கு அது இயல்பாகத் தோன்றுகிறது. பிளாஸ்டிக் அளவுகோல்கள் பலவற்றில் 0 கோடு விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும், மீட்டர் கோல்கள் சிலவற்றில் விளிம்பே 0 ஆக இருக்கும். ஆகவே விளிம்பில் பொருளை வைப்பது ஓரிடத்தில் சரியாகவும் வேறிடத்தில் தவறாகவும் ஆகிறது. எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் "0 எங்கே?" என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது இதற்குப் போதுமான மருந்து. துணி அளவுநாடாவில் இரு முனைகளிலிருந்தும் எண்கள் தொடங்கலாம் என்பதால் அங்கே இந்தப் பழக்கம் இன்னும் தேவை.

இடைவெளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணுவது மற்றொரு பிழை. 5 சென்டிமீட்டர் நீளமுள்ள கீற்றை அளக்கும்போது 0 கோட்டையும் சேர்த்து 6 என்று சொல்லும் குழந்தையிடம் கோடுகளைப் பற்றிப் பேசுவதை விட, அது செய்த வண்ணச் சதுரக் கீற்றை எடுத்து அருகில் வைப்பதே மேல்.

உடைந்த அளவுகோல் சோதனையை இப்போது செய்யலாம். ஒரு பழைய அளவுகோலின் தொடக்கத்தைக் காகிதத்தால் மூடிவிட்டால் போதும், உடைக்க வேண்டியதில்லை. பென்சிலின் ஒரு முனை 3-லும் மறுமுனை 10-லும் இருக்கும்படி வைத்துக் கேளுங்கள்.

"பென்சில் எத்தனை சென்டிமீட்டர்?"

"பத்து, டீச்சர்."

"முதல் சென்டிமீட்டர் எங்கே இருக்கிறது? தொட்டுக் காட்டு."

குழந்தையின் விரல் மூடிய காகிதத்தின் மேல் போய் நிற்கும். பென்சில் அங்கே இல்லை என்பதைப் பார்த்ததும் விரல் 3-க்கும் 4-க்கும் நடுவே திரும்பி வந்து, ஒன்று, இரண்டு என்று இடைவெளிகளை எண்ணத் தொடங்கும். 7 என்று சொன்ன பிறகு, எண்ணாமலேயே கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேளுங்கள். 10-லிருந்து 3-ஐக் கழிக்கலாம் என்பதைச் சிலர் அன்றே கண்டுபிடிப்பார்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இடைவெளிகளை எண்ணத் தெரிந்தவரை இரண்டாம் வகையினரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஏழாம் படி: முறையாக உத்தேசித்தல்

உத்தேசித்தல் வாயில் வந்த எண்ணைச் சொல்வதாக இருக்கக் கூடாது. தெரிந்த ஒரு நீளத்தை மனத்தில் எடுத்து, தெரியாத நீளத்தின்மேல் வைத்துப் பார்ப்பதே உத்தேசித்தல். ஆகவே குழந்தையிடம் தெரிந்த நீளங்கள் சில கைவசம் இருக்க வேண்டும். 1 சென்டிமீட்டருக்கு எந்த விரல்நுனியின் அகலம் ஒத்துவருகிறது, 10 சென்டிமீட்டருக்குத் தான் ஒட்டிய கீற்று, 30 சென்டிமீட்டருக்கு நீள அளவுகோல் அல்லது 29.7 சென்டிமீட்டர் நீளமுள்ள ஏ4 தாள், 1 மீட்டருக்குத் தரையிலிருந்து தன் உடம்பில் எந்த இடம் என்பதை ஒவ்வொரு குழந்தையும் அளந்து கண்டுபிடித்துத் தன் நோட்டில் வரைந்து வைக்கட்டும். இந்த வயதுக் குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை உயர்கிறார்கள் என்பதால், 1 மீட்டர் வரும் இடம் மார்பை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதிதாகக் குறிக்கச் செய்வது நல்லது, குழந்தைகளுக்கும் அது மிகவும் பிடிக்கும்.

பயிற்சியை நடத்தும் வரிசையில்தான் பலரும் சறுக்குகிறோம். பொருள், உத்தேசம், அளந்தது என்று மூன்று பத்திகள் போட்டு, 10 பொருள்களுக்கும் முதலில் உத்தேசத்தை எழுதிவிட்டுப் பிறகு அளக்கச் சொல்வது வழக்கமாக இருக்கிறது. அப்படிச் செய்தால் முதல் பொருளை அளந்ததிலிருந்து கற்றது எதையும் இரண்டாவது பொருளின் உத்தேசத்துக்குப் பயன்படுத்தக் குழந்தைக்கு வாய்ப்பே இல்லை. ஒன்றை உத்தேசித்து, அதை அளந்து, எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, அதற்குப் பிறகே அடுத்ததை உத்தேசிக்க வேண்டும். 5 பொருள்களை இப்படிச் செய்வது, 10 பொருள்களை மற்ற முறையில் செய்வதைக் காட்டிலும் அதிகம் கற்பிக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள், அல்லது விரைவில் கவனிப்பீர்கள். அளந்து 14 என்று கண்டதும், முன்பு எழுதிய 20-ஐ ரப்பரால் அழித்து 14 என்றோ, கொஞ்சம் நம்பும்படியாக 13 என்றோ திருத்தி எழுதும் குழந்தைகள் வகுப்புக்குச் சிலர் இருப்பார்கள். இதற்குக் காரணம் நாம்தான். அளவோடு பொருந்திய உத்தேசத்துக்கு மட்டும் "சபாஷ்" என்று சொல்லிப் பழக்கியிருக்கிறோம். உத்தேசத்தைப் பேனாவால் எழுதச் சொல்வதும், எழுதிய பின்னரே அளவுகோலைக் கையில் கொடுப்பதும் உடனடித் தீர்வுகள். அவற்றைக் காட்டிலும் முக்கியமானது, "எப்படி அந்த எண்ணை நினைத்தாய்?" என்ற கேள்வியைப் பாராட்டின் இடத்தில் வைப்பது. "என் கீற்று இரண்டு தடவை போகும், இன்னும் கொஞ்சம் இருக்கும், அதனால் 24" என்று சொல்லும் குழந்தையின் உத்தேசம் 4 சென்டிமீட்டர் தவறினாலும், அது தற்செயலாகச் சரியான எண்ணைச் சொன்ன குழந்தையை விட முன்னே நிற்கிறது. உத்தேசத்தைத் தப்பு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பக்கத்தில், தள்ளி, வெகு தூரம் தள்ளி என்ற மூன்று சொற்கள் போதும்.

எவ்வளவு பக்கத்தில் வந்தால் நல்ல உத்தேசம் என்று கேட்பீர்கள். 5 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது சாக்பீஸுக்குப் பெரிது, கரும்பலகைக்கு ஒன்றுமே இல்லை. பத்தில் ஓரிரு பங்குக்குள் வந்தால் மிக நன்று என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளிடம் அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்த அலகை மனத்தில் அடுக்கிப் பார்ப்பது தவிர வேறு இரண்டு வழிகளையும் கற்றுக்கொடுக்கலாம். நீளமான பொருளைப் பாதி, பாதியில் பாதி என்று மனத்தில் மடித்து, ஒரு துண்டை உத்தேசித்துப் பெருக்குவது ஒன்று. இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வருவது மற்றொன்று: கதவின் அகலம் 50 சென்டிமீட்டருக்கு நிச்சயமாக மேல், 2 மீட்டருக்கு நிச்சயமாகக் கீழ், 1 மீட்டருக்கு? எண் சொல்லத் தயங்கும் குழந்தைகள் இந்த முறையில் துணிந்து பேசத் தொடங்குவதைப் பார்க்கலாம். நிமிர்ந்து நிற்கும் பொருள், அதே நீளத்தில் படுத்திருக்கும் பொருளைக் காட்டிலும் நீளமாகக் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தின் உயரத்தைக் கூட்டிச் சொல்லும் குழந்தையின் கண் அந்த மயக்கத்துக்கு ஆட்பட்டிருக்கிறது. பெரியவர்கள் கண்ணும் அப்படித்தான்.

எட்டாம் படி: மீட்டரும் கருவியைத் தேர்ந்தெடுத்தலும்

10 சென்டிமீட்டர் கீற்றுகள் பத்தை முனையோடு முனை ஒட்டி ஒரு மீட்டர் கீற்றை வகுப்பாகச் சேர்ந்து செய்து சுவரில் ஒட்டிவையுங்கள். 100 சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்பது அங்கே சதுரம் சதுரமாக எண்ணிப் பார்க்கக்கூடியதாக நிற்கும். 1 மீட்டர் 5 சென்டிமீட்டர் என்பதைச் சென்டிமீட்டரில் 15 என்றும் 150 என்றும் எழுதும் பிழை பின்னால் வரும்போது, குழந்தையை அந்தச் சுவருக்கு அழைத்துச் சென்று, மீட்டர் முடிந்த இடத்துக்கு அப்பால் 5 சதுரங்களை வைத்துக் காட்டினால் 105 என்பது கண்ணுக்குத் தெரியும்.

எதை எதனால் அளப்பது என்ற முடிவைக் குழந்தையிடம் விடுங்கள். 15 சென்டிமீட்டர் அளவுகோல், மீட்டர் கோல், துணி நாடா, நூல் ஆகிய நான்கையும் மேசைமேல் வைத்து, வகுப்பறையின் நீளம், புத்தகத்தின் தடிமன், மரத்தின் சுற்றளவு, தலையின் சுற்றளவு ஆகியவற்றுக்கு எதை எடுப்பார்கள், ஏன் என்று கேளுங்கள். வகுப்பறையைச் சிறிய அளவுகோலால் அளக்கப் புறப்படும் குழந்தையைத் தடுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து முறை அளவுகோலைப் புரட்டி வைத்த பிறகு அது தானாகவே எழுந்து வந்து மீட்டர் கோலை எடுத்துக்கொள்ளும்.

புரிந்திருக்கிறதா என்று அறிய

எழுத்துத் தேர்வைக் காட்டிலும், ஒவ்வொரு குழந்தையுடனும் சில நிமிடங்கள் தனியே உட்கார்ந்து மூன்று வேலைகளைக் கொடுப்பது தெளிவாகக் காட்டிவிடும். தொடக்கம் மூடிய அளவுகோலால் ஒரு பொருளை அளக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு குச்சியைக் கொடுத்து ஒரு மேசையை அளக்கச் சொல்லி, கை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். பிறகு, அளவுகோல் எதுவும் இல்லாமல், 10 சென்டிமீட்டர் என்று தான் நினைக்கும் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டச் சொல்லுங்கள். வெட்டும் முன் அந்தக் குழந்தையின் கண் விரல்களின் பக்கம் போகிறதா, சுவரில் ஒட்டிய கீற்றின் பக்கம் போகிறதா, அல்லது எங்குமே போகாமல் கத்தரிக்கோல் மட்டும் நகர்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கும் பார்க்காமல் வெட்டும் குழந்தைக்கு அளவுகோல் பயிற்சியைக் கூட்டுவதால் பயனில்லை; அதை ஐஸ் குச்சிகளிடமும் வண்ணச் சதுரங்களிடமும் இன்னும் சில நாள்களுக்குத் திருப்பி அனுப்புங்கள்.